ரோவர்ஸை அடக்கம் செய்தவர்கள்

முபுண்டு
12 ஜனவரி 1998

திரு. லுஃபேயோ ஜெரே அவர்களுக்கு,

இப்படித் தொடங்கியிருப்பதைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். இது சொந்தக் கடிதம் அல்ல.

முபுண்டு ரோவர்ஸ் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி கமிட்டி என்னைக் கேட்டிருக்கிறது. சுரங்கத்தை வாங்கியிருக்கும் புதிய முதலாளிகளுக்குச் செம்பு மட்டும்தான் வேண்டுமாம், பந்து வேண்டாமாம். ஜூன் மாதத்தோடு கழகத்தை மூடுகிறார்கள். மூடுவதற்குள் ஒரு சிறு புத்தகமாவது வரட்டும் என்றார் தலைவர். "நம்ம காலனியில பட்டம் வாங்கின பொண்ணு நீ ஒருத்திதான். நீ எழுதாம வேற யாரு எழுதுவா?" எனக்கு மறுக்கத் தெரியவில்லை, தலையாட்டிவிட்டேன்.

ஆரம்ப காலத்தை எழுதிவிட்டேன். 1953இல் சுரங்கத்தின் அடியில் வேலை பார்த்தவர்கள் கசடு மேட்டுக்குப் பின்னால் கல் பொறுக்கி ஒரு மைதானம் உண்டாக்கினார்கள். வெள்ளைக்காரர்களின் மைதானத்தில் புல் இருந்தது, எங்களுடையதில் செம்மண். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பார்கள். அப்படித் தெளிக்காவிட்டால் இரண்டாம் பாதியில் பந்து எங்கே இருக்கிறதென்றே தெரியாது. இதுவரைக்கும் சிக்கல் இல்லை.

சிக்கல் சவப்பெட்டியில் வருகிறது. ஆண்டுதோறும் முபுண்டுவும் லுவேலாவும் மோதும் ஆட்டத்தில் ஜெயித்த ஊர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும். தோற்ற ஊர் வாங்கிய கோல்கள் அதன் மேல் எழுதியிருக்கும். தோற்றவர்களில் மூத்தவர் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுக்க வேண்டும், சிரிக்கவும் வேண்டும். எங்களில் பெம்பா இனத்தார் அதிகம், உங்களில் ங்கோனி இனத்தார் அதிகம். இரண்டு கூட்டமும் மச்சான் முறை, நீங்கள் எங்களைக் குரங்கு தின்பவர்கள் என்பீர்கள், நாங்கள் உங்களை எலி தின்பவர்கள் என்போம், என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்த முறைதான் மைதானத்துக்கும் வந்தது என்று எழுதியிருக்கிறேன். ஆனால் இதைத் தொடங்கியது யார் என்று எங்கள் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உங்கள் ஊர்த் தச்சர் நியிரோங்கோவுக்குத் தெரியும் என்கிறார்கள். கேட்டு எழுதுங்கள்.

போன நவம்பர் ஆட்டத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. நான் எழுதியிருப்பது இதுதான், தவறு இருந்தால் திருத்துங்கள்: "லுவேலா இரண்டு கோலில் வென்றது. லுவேலா ரசிகர்கள் கொண்டுவந்த பெட்டியில் கோல் எண்ணிக்கை இல்லை. முபுண்டு ரோவர்ஸ், 1953–1997 என்று எழுதியிருந்தது."

கழகத்தை மூடப்போகும் சேதி அன்றைக்கு எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. சுரங்க அலுவலகத்தில் அந்தக் காகிதத்தைத் தட்டச்சு செய்தவள் என்பதால் எனக்குத் தெரியும். நான் அதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன்.

என் அப்பா சிலெஷே இளமை முழுவதும் ரோவர்ஸின் கோலில் நின்றவர், பிறகு பயிற்சியாளர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். கோட்டுக்கு வெளியே நின்று அந்தப் பெட்டியைப் படித்தார், சிரித்தார், தோள் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு உப்வாலிக் களிக்கு முன்னால் உட்கார்ந்தார். "கசுபா, அது கேலிதானே?" என்று கேட்டார். நான் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து மறுபடியும் கை கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

இதைப் புத்தகத்தில் எழுதப்போவதில்லை.

கசுபா சிலெஷே

*

லுவேலா
25 ஜனவரி 1998

கசுபா,

திரு. லுஃபேயோ ஜெரே அவர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அப்படி ஒரு பெரிய மனிதர் இந்த வீட்டில் இருக்கிறாரா என்று தேடிப் பார்த்தோம். நான்தான் இருந்தேன்.

நியிரோங்கோவிடம் போனேன். முபுண்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்றதும், "குரங்கு தின்றவனுங்க புஸ்தகமெல்லாம் போட ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றார். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

1961. ஆட்டத்துக்கு முந்திய வாரம் உங்கள் இடது விங்கர் சுரங்கத்தில் பாறை விழுந்து செத்துப்போனான். மச்சான்மார்தானே குழி வெட்ட வேண்டும்? பயிற்சியில் இருந்த எங்கள் ஆட்டக்காரர்கள் சட்டை கூட மாற்றாமல் லாரியில் ஏறி வந்தார்கள். நியிரோங்கோ அப்போது எங்கள் அணியின் தடுப்பாட்டக்காரர். பெட்டியைச் செய்தவரும் அவர்தான். குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததும் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாராம். "போன வருஷம் என் ரெண்டு காலுக்கும் நடுவுல பந்தைத் தள்ளிவிட்டு ஓடினவன் இவன். ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சுச்சு. இப்ப ஓடச் சொல்லுங்க, பாக்கலாம்." அழுது அழுது குரல் போயிருந்த அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அதற்குப் பிறகுதான் அவளைச் சாப்பிட வைக்க முடிந்ததாம்.

அடுத்த வாரம் நாங்கள் ஜெயித்தோம். நியிரோங்கோ காலிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்படித்தான் தொடங்கியது. முதல் பெட்டி நிஜப் பெட்டி, கசுபா. இதை எழுது.

இனி நவம்பர். ஆண்டை எழுதியது நான்தான், ஒளிக்கவில்லை. ஆனால் நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சாவுச் சேதி மச்சான் வாயிலிருந்து வந்தால்தான் மனுஷன் தாங்குவான். இல்லாவிட்டால் உங்கள் ஆட்கள் அதை எங்கே படித்திருப்பார்கள்? சுரங்கத்தின் வாசல் கேட்டில் ஒட்டிய காகிதத்தில். அதைவிட நாங்கள் சிரித்துக்கொண்டே சொல்வது மேல் என்று நினைத்தேன். நீ அந்தச் சேதியை என்னிடம் அழுதுகொண்டே சொன்னாய். சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன் அப்பாவிடம் நீ சொல்லியிருப்பாயா? ஜூன் வந்தாலும் சொல்லியிருக்க மாட்டாய். குழம்புச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்.

கோபமாக எழுதிவிட்டேன். கிழிக்க மனமில்லை, அப்படியே அனுப்புகிறேன். பெண் கேட்டு எங்கள் தூதர் கொண்டுவந்த தட்டு இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அது திரும்பி வராதவரைக்கும் மறுப்பு இல்லை என்றுதான் அர்த்தம். உன் அம்மா அதில் கபென்டாக் கருவாடு காயவைக்கிறாரா?

லுஃபேயோ

*

முபுண்டு
8 பிப்ரவரி 1998

திரு. லுஃபேயோ ஜெரே அவர்களுக்கு,

1961 பற்றிய தகவலுக்கு நன்றி. சேர்த்துக்கொண்டேன்.

அப்பா மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். சுரங்கத்தின் தூசி நெஞ்சில் பல வருடமாகவே இருந்தது, இப்போது இருமும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். மாலையில் ஆட்டக்காரப் பையன்கள் வந்து கூப்பிடுகிறார்கள். "செத்துப்போன கழகத்துக்கு எதுக்குடா பயிற்சி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார். சிரித்துக்கொண்டே கேட்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நியாயம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவள் நான். அந்தச் சேதியை உங்களிடம் சொன்னபோது நீங்கள் லுவேலாக்காரர் என்பதே எனக்கு ஞாபகத்தில் இல்லை.

தட்டைத் தாய்மாமா முகுகா திருப்பிக் கொண்டுவருகிறார். அவர் காரணம் கேட்டார். நான் சொல்லவில்லை. படித்த பெண், அவளுக்கென்று ஏதாவது இருக்கும் என்று அம்மாதான் சமாளித்தாள்.

இன்னும் ஒன்று. இனி எங்களோடு உங்களுக்குக் கேலி முறை வேண்டாம். என் அப்பாவைப் பற்றியோ எங்கள் வீட்டைப் பற்றியோ ரோவர்ஸைப் பற்றியோ உங்கள் வாயிலிருந்தும் உங்கள் ஊர்க்காரர்கள் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை கேலியாக வரக் கூடாது. என்மேல் எப்போதாவது மதிப்பு இருந்திருந்தால் இதை மட்டும் செய்யுங்கள்.

கசுபா சிலெஷே

*

லுவேலா
1 மார்ச் 1998

கசுபா,

தட்டு வந்தது. உன் மாமாவை உட்காரச் சொல்லிக் குடிக்க முன்கோயோ பானம் கொடுத்தோம். நல்ல மனிதர். "எலிக்கறி இல்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நீ சொன்னதை ரசிகர் கூட்டத்தில் சொன்னேன். இனி முபுண்டுக்காரர்களோடு கேலி கிடையாது என்றேன். யார் சொன்னது என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொல்லவில்லை, நானே முடிவு செய்தேன் என்றேன். நியிரோங்கோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மச்சான்கிட்ட மரியாதையாப் பேசினா அவனைப் பொணமாக்கிட்டோம்னு அர்த்தம், தெரியுமா?" என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். நான் அவர்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

கேலி இல்லாமல் எழுத உட்கார்ந்தால் எனக்கு எழுதுவதற்கு அதிகம் இல்லை என்று தெரிகிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்.

லுஃபேயோ

*

முபுண்டு
20 ஏப்ரல் 1998

லுஃபேயோ அவர்களுக்கு,

ஒரு தகவல் வேண்டும். 1968 ஆட்டத்தில் அப்பா கைக்கு வந்த பந்தை நழுவவிட்டாராம், உங்கள் ஆள் அதைத் தள்ளி கோல் ஆக்கினானாம். அந்த ஆள் பெயர் அப்பாவுக்கு நினைவில்லை. "பெரிய காதுக்காரன்னு எழுது, போதும்" என்கிறார். அப்படியெல்லாம் எழுத முடியாது.

மாலையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். 1964இல் சுதந்திரம் வந்த வாரம் புல் மைதானம் எங்களுக்குக் கிடைத்ததைச் சொன்னார். முதல் நாள் யாரும் ஆடவில்லையாம். பூட்ஸைக் கழற்றிவிட்டு மொத்த அணியும் புல்லில் நடந்துகொண்டே இருந்ததாம். 1974இல் கோப்பை வாங்கியதைச் சொல்ல ஆரம்பித்தவர், நழுவவிட்ட பந்துக்கே திரும்பி வந்துவிட்டார். ஜெயித்தது அவருக்கு மறந்துபோகிறது, அந்தப் பந்து மட்டும் மறக்கவில்லை.

வேறொன்றும் எழுத நினைத்தேன். பிறகு எழுதுகிறேன்.

கசுபா

*

முபுண்டு
19 மே 1998

லுவேலா யுனைடெட் ரசிகர் சங்கத்தாருக்கும் லுஃபேயோ ஜெரே அவர்களுக்கும்,

சிலெஷே இன்று விடியற்காலையில் இறந்துவிட்டார். வியாழக்கிழமை அடக்கம். மச்சான் முறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது வழக்கம் என்பதால் சொல்கிறோம். பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

கசுபா

*

முபுண்டு
2 ஜூன் 1998

லுஃபேயோ,

நீ வந்தாய். உன் ஊரே வந்தது. கறுப்புக் கோட்டுப் போட்டு, வரிசையாக, சர்ச்சுக்குள் வருகிறவர்களைப் போல வந்தீர்கள். மண்வெட்டியை எடுத்தீர்கள். குழி வெட்டும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அம்மா முக்காட்டை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் எனக்குப் புரியவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் நியிரோங்கோ அதன் மேல் உட்காருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகுகா மாமா தாங்க முடியாமல், "என்னப்பா, எலி தின்ற கூட்டம் இன்னைக்கு நாக்கை வீட்டுலயே வச்சுட்டு வந்துடுச்சா?" என்று எடுத்துக்கொடுத்தார். உங்கள் ஆட்கள் மண்வெட்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ கயிற்றைப் பிடித்திருந்தாய். பெட்டி இறங்கும்போது உன் தோள் குலுங்கியது. பிறகு நீ சத்தமாக அழுதாய். உன்னைப் பார்த்து எங்கள் பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நிறுத்துவதற்கு ஆளே இல்லை, லுஃபேயோ. நிறுத்த வேண்டியவர்கள் நீங்கள்தானே. அம்மா அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை.

ஏப்ரலில் எழுத நினைத்து எழுதாமல் விட்டது இது. ஒருநாள் அப்பா கேட்டார்: "லுவேலாக்காரனுங்க ஏன் வரல? நான் படுத்துட்டேன்னு அவனுங்களுக்குத் தெரியாதா? எவனாவது ஒருத்தன் வந்து நாலு வார்த்தை திட்டினா எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகும்." நான் எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அன்று மாலையே கடிதம் எழுதவும் உட்கார்ந்தேன். உன்னிடம் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே எப்படிக் கேட்பது? அதற்குப் பதிலாகப் பெரிய காதுக்காரன் பெயரைக் கேட்டேன்.

நான் சொன்னதை நீ அப்படியே செய்தாய். எல்லாவற்றிலும் என்னோடு சண்டை போடுகிற நீ இந்த ஒன்றில் ஏன் என் பேச்சைக் கேட்டாய்?

கசுபா

*

லுவேலா
10 ஜூன் 1998

கசுபா,

அந்தக் காதுக்காரர் என் பெரியப்பா. பெயர் மசாவுசோ ஜெரே. காது பெரியதுதான், மறுக்கவில்லை. எழுதிக்கொள்.

பஸ்ஸில் நாங்கள் வாயை மூடிக்கொண்டு வந்தோம் என்று நினைக்கிறாயா? லுவேலாவில் ஏறியதிலிருந்து ஒத்திகை. என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை, அவர்களுக்கு வாய் ஊறிக்கொண்டிருந்தது. நியிரோங்கோ பெட்டியைச் செய்யும்போதே பேசத் தொடங்கிவிட்டார். "இந்த ஆளு வாழ்நாள் முழுக்கக் கோட்டை விட்டு வெளிய வரவே மாட்டான். பந்து அங்க இருக்கும், இவன் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். சிலெஷே, இப்பவும் வெளிய வராதே, நாங்க மண்ணைத் தள்ளப்போறோம்." இன்னொருவர், "குழிக்கு வலை கட்டணுமா வேணாமா, கேட்டுச் சொல்லுங்க" என்றார். ஒரு பஸ் முழுக்கச் சிரிப்பு. முபுண்டு எல்லை வந்ததும் நான் எழுந்து நின்று வேண்டாம் என்றேன். நியிரோங்கோ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஆனால் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எனக்கும் ஒன்று இருந்தது. கயிற்றை இறக்கும்போது சொல்ல வேண்டியது. இப்போது சொல்லி என்ன, சொல்லிவிடுகிறேன்.

"சிலெஷே, அறுபத்தெட்டுல நீ கைக்கு வந்த பந்தை நழுவவிட்டே. அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதே. நாங்க உன்னை நழுவவிட மாட்டோம்."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன், எதிரே நீ நின்றாய். சொல்லக் கூடாது என்ற உன் வார்த்தை ஞாபகம் வந்தது. அடக்கிக்கொண்டேன். அது அழுகையாகப் போய்விட்டது.

உன் பேச்சை ஏன் கேட்டேன் என்று கேட்டாய். நவம்பரில் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பெட்டியில் எழுதினேன், அதனால் இந்த முறை உன் பேச்சைக் கேட்டேன். அவ்வளவுதான்.

எங்கள் தூதர் வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை தட்டோடு வருகிறார். அப்பாவுக்காகத் துக்கம் காக்கும்போது வரக் கூடாது என்றால் ஒரு வரி எழுது, நிறுத்துகிறேன். வரி வரவில்லை என்றால் வருவார். உன் வீட்டில் அன்று யார் என்ன கேட்டாலும் நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

லுஃபேயோ

*

முபுண்டு
28 ஜூன் 1998

அன்புள்ள அண்ணன் லுஃபேயோ அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய கேலிகளை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வலை கட்டும் இடம் வந்தபோது அம்மா சிரித்தாள். தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்தாள். நழுவவிட மாட்டோம் என்ற வரி வந்ததும் எழுந்து உட்கார்ந்து, மறுபடி படி என்றாள். பிறகு, "இதை அங்கயே சொல்லியிருந்தா உங்கப்பனுக்குக் கேட்டிருக்கும்" என்றாள். அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

உங்கள் தூதர் வந்து போனதை அவரே சொல்லியிருப்பார். ஆனால் அவர் வெளியில் காத்திருந்த நேரத்தில் உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தட்டை நடுவில் வைத்திருந்தார்கள். அம்மாவின் அண்ணன் தம்பிமார் எல்லோரும் இருந்தார்கள். யாருக்கும் உங்கள்மேல் வருத்தம் இல்லை. முகுகா மாமா உங்களைப் புகழ்ந்துதான் பேசினார். "மச்சான் சாவு வீட்டுல அழ மாட்டான். அழுதான்னா அவன் மச்சான் இல்ல, பிள்ளை. இந்தப் பையன் குழியடியில நின்னு பெத்த அப்பனுக்கு அழற மாதிரி அழுதான், ஊரே பாத்துச்சு. சிலெஷேவுக்கு ஆம்பளப் பிள்ளை இல்லேங்கற குறையைத் தீத்துட்டான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த வீட்டுப் பொண்ணையே எப்படிக் குடுக்கறது?"

இப்படி ஒரு வழக்கம் உண்மையிலேயே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. மாமா சொன்னதும் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உங்கள் தூதரைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் எங்கள் பையன் அழவே இல்லை, கண்ணில் மண் விழுந்தது என்று வாதாடினார். மாமா அதற்கு நன்றாகச் சிரித்தார், ஆனால் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

கொடுப்பதற்கு முன் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. உனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. "கேலி செய்யாதே என்று நான்தான் அவரிடம் சொன்னேன், அதனால்தான் அழுதார்." அது போதும், மாமா நியாயமானவர். அறை முழுக்கப் பெரியவர்கள், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் என் கை நிழலைப் பார்த்தேன். மாமா கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவர் அவசரப்படவே இல்லை. அதையும் எழுத வேண்டும்.

பிறகு ஒரு வாரம், போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் மாமா வீட்டு வழியாகவே வேலைக்குப் போனேன். அதற்குள் உங்களை மகன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். அம்மா அக்கம்பக்கத்தில் "என் பையன் லுவேலாவுல வாத்தியாரா இருக்கான்" என்கிறாள். அப்பா போன பிறகு அவள் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வது அது ஒன்றுதான். அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு எதற்குத்தான் தைரியம் வந்திருக்கிறது?

நேற்று கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. 1968 கோலை அடித்தவர் மசாவுசோ ஜெரே என்று சரியாக எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அப்பாவின் நினைவுச் சடங்குக்காக பீர் காய்ச்சுகிறோம். பிள்ளைகள் வந்துதான் முதல் கிண்ணம் ஊற்ற வேண்டும். உங்களுக்கு எழுதிக் கூப்பிடச் சொல்லி மாமா என்னிடம்தான் சொன்னார். அவசியம் வாருங்கள். தங்குவதற்கு அப்பாவின் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
கசுபா